கருஞ்சிவப்புத் துண்டுகள்

அம்மா காய்கறி வாங்கப் போன பிறகுதான் ஒத்திகையைத் தொடங்க முடிந்தது. தம்பி ஜன்னலோரம் நின்று, அவள் தெருமுனையில் திரும்பி மறையும்வரை பார்த்துவிட்டு, கட்டிலில் ஏறிப் படுத்தான். நர்ஸ் நாற்காலியைச் சுவரோரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அக்கா அறையின் நடுவே நின்றாள். கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"நான் ரெடி சிஸ்டர்," என்றான் தம்பி. "ரத்தம் கொஞ்சமா வேணுமா, தாராளமா வேணுமா?"

"சும்மா படுத்திருந்தா போதும். உன்னை நடிக்கச் சொல்லலை."

அவனுக்கு இருபத்துநான்கு வயது. பெரிய சலூன் ஒன்றில் முடி வெட்டுகிறவன். உயரத்தால் அங்கே எல்லோருக்கும் அவன் நெட்டை. கழுத்தின் இடதுபுறம் வந்த கட்டியை முதலில் அறுத்து எடுத்தார்கள். பிறகு கதிர்வீச்சு, பிறகு மருந்து. எல்லாம் முடிந்து முடிகூட மறுபடி வளர்ந்த பிறகு அது திரும்ப வந்தது, இன்னும் ஆழத்தில். இனிக் குணப்படுத்த வழியில்லை என்பதை டாக்டர் அவன் முகத்தைப் பார்த்தே சொன்னார். அன்று வீட்டுக்கு வந்து அவன் வெகுநேரம் குளித்தான். குழாய் ஓடும் சத்தத்தைக் கேட்டபடி அக்காவும் அம்மாவும் வெளியே உட்கார்ந்திருந்தார்கள். அப்பா இறந்து பல காலம் ஆகிவிட்ட அந்த வீட்டில் மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேச்சற்றுப்போனது அன்றுதான்.

இவ்வளவும் அம்மாவுக்குத் தெரியும். தெரியாதது ஒன்றுதான். கட்டி, கழுத்தின் பெரிய ரத்தக்குழாயை ஒட்டி வளர்ந்திருந்தது. என்றாவது அந்தக் குழாய் உடையலாம். அது உடைவதற்கு முன்பே வேறு ஏதாவது அவனைக் கொண்டுபோகவும் செய்யலாம். உடைந்தால் சில நிமிடங்கள்தான். வீட்டுக்கு வந்து பார்த்துக்கொள்ளும் இந்த நர்ஸ், அக்காவையும் தம்பியையும் ஒன்றாக உட்காரவைத்து இதைச் சொன்னபோது, வலிக்குமா என்று கேட்டான் அவன். பெரும்பாலும் வலிக்காது, பயமாக இருக்கும் என்றாள் நர்ஸ். கொஞ்ச நேரம் தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அம்மாவிடம் சொல்லக் கூடாது என்றான். விரலை நறுக்கிக்கொண்டாலே மயங்கி விழுகிறவள் அம்மா. தெரிந்தால் அவன் கழுத்தைத் தவிர வேறெதையும் பார்க்க மாட்டாள். வீட்டில் இருக்கிற எல்லோருக்கும் தெரிந்திருப்பதே நல்லது என்று நர்ஸ் ஒவ்வொரு முறை வரும்போதும் சொன்னாள். ஆனால் முடிவு அவனுடையது என்பதால் அவனை மீறவில்லை.

துண்டுகளைப் பற்றியும் அவள்தான் சொன்னாள். கருஞ்சிவப்பில் சில துண்டுகள் வாங்கிக் கட்டிலின் தலைமாட்டில் வைத்துக்கொள்ள வேண்டும். எதற்கு அந்த நிறம் என்று அக்கா கேட்டாள்.

"வெள்ளைத் துண்டுல ஒரு கரண்டி ரத்தம் ஒரு குடம் மாதிரி தெரியும்மா. பாக்கறவங்க பயந்தா, தம்பிக்கும் அது ஒட்டிக்கும்."

துண்டுகளோடு ஒரு சிறு பிளாஸ்டிக் பெட்டி. அதற்குள் ஊசியில்லாத சிரிஞ்சில் மருந்து. கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் அதை விட வேண்டும். அது ரத்தத்தை நிறுத்தாது, உயிரையும் காப்பாற்றாது. அவனை அரைத்தூக்கத்துக்குக் கொண்டுபோய்ப் பயத்தை எடுத்துவிடும். அதற்காக மட்டும்தான் அந்த மருந்து.

வார்டுக்குப் போக மாட்டேன் என்பதில் தம்பி உறுதியாக இருந்தான். முன்பு ஒருமுறை அங்கே படுத்திருந்தபோது, திரைக்கு அந்தப் பக்கம் அவன் வயதே ஆன ஒருவன் இறந்துபோனான். செருப்புகள் ஓடும் சத்தமும் உலோகத் தட்டுகளின் சத்தமும் கேட்டன. யாரும் அவனோடு பேசுகிற சத்தம் மட்டும் கேட்கவில்லை. அதை ஒருமுறைதான் சொன்னான். அதன் பிறகு அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

"வீட்டுல ஒருத்தராவது கட்டாயம் கூட இருப்பாங்கன்னா இங்கயே பாத்துக்கலாம்," என்றிருந்தாள் நர்ஸ். "யாராலயும் முடியாதுன்னா வார்டுதான் சரி. இதை மிரட்டலா சொல்லலை. தம்பி தனியா இருக்கக் கூடாது, அவ்வளவுதான்."

கூட இருக்கப் போவது அக்கா. அதற்குத்தான் ஒத்திகை. சொல்லிக் கொடுத்தால் மூளைக்குப் புரியும், கைக்குப் புரியாது என்பது நர்ஸின் கட்சி. போகிற வீடுகளில் எல்லாம் ஒருமுறையாவது செய்துபார்க்க வைத்துவிடுவாள்.

நர்ஸ் கையைத் தட்டினாள். அக்கா துண்டை எடுத்தாள், அவனைப் பக்கவாட்டில் திருப்பினாள், கழுத்தில் சுற்றியிருந்த மருந்துக்கட்டின் மேல் அழுத்தாமல் அழுத்துவதுபோல் வைத்தாள். மறு கையால் பெட்டியைத் திறந்து, வெறும் சிரிஞ்சைக் கன்னத்தருகே கொண்டுபோனாள்.

"நல்லா பிடிக்கிறா பாருங்க கழுத்தை," என்றான் தம்பி. "சின்ன வயசுலேர்ந்து இதுக்குத்தான் காத்துக்கிட்டிருந்தா."

"வாயை மூடுறா."

"பேஷன்ட்டைத் திட்டறா சிஸ்டர். எழுதிக்கோங்க."

இந்த முறை நர்ஸ் சிரித்துவிட்டாள். அக்காவுக்கும் சிரிப்பு வந்தது. அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

எல்லாம் சரி, ஆனால் வேகம் அதிகம் என்றாள் நர்ஸ். முழு நேரமும் அக்கா துண்டைப் பார்த்தாள், சிரிஞ்சைப் பார்த்தாள், தம்பியின் முகத்தை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. பிறகு நர்ஸ் நாற்காலியிலிருந்து முன்னால் சாய்ந்து, தணிந்த குரலில் சொன்னாள்:

"ஒண்ணு மட்டும் மனசுல வச்சுக்கோம்மா. பெட்டி கைக்குக் கிடைக்கலேன்னா அதைத் தேடிக்கிட்டுப் போகாதே. துண்டு இல்லேன்னா கையை வை. மருந்து போச்சுன்னா போகட்டும். நீ எழுந்து போகக் கூடாது."

அக்கா தலையாட்டினாள்.

அவள் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை செய்தாள். லென்ஸை ஃபிரேமின் அளவுக்குத் தேய்த்துக் கொடுக்கும் வேலை. சுழலும் கல்லில் தண்ணீர் பட்டபடி இருக்கும். மயிரிழை தவறினால் லென்ஸ் வீண். கை நடுங்காதவள் என்று கடையில் அவளுக்குப் பெயர். அந்தத் துண்டுகள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து, கல் சுழலும்போதெல்லாம் அவள் கண்முன் வேறொன்று வந்தது. இந்த நிமிடமாக இருக்குமோ? இந்த லென்ஸைத் தேய்த்து முடிப்பதற்குள்ளாக இருக்குமோ? பாதி வேலையில் கல்லை நிறுத்திவிட்டுப் போனைப் பார்ப்பாள். ஒன்றும் வந்திருக்காது. ஒன்றும் வராததும் பயமாக இருக்கும்.

மதியத்துக்கு மேல் வேலை செய்ய முடியாது என்று முதலாளியிடம் சொல்லி அரை நாளாக்கிக்கொண்டாள். வீட்டில் இருக்கும் நேரம் இன்னும் மோசமாகப் போனது. தம்பி இருமினால் அவள் முதுகு விறைத்தது. அவன் தண்ணீர் குடிக்கும்போது தொண்டை அசைவதைப் பார்க்க முடியாமல் பார்த்தாள். எல்லாவற்றுக்கும் அடியில் இன்னொரு பயம் கிடந்தது. அது சாவைப் பற்றியது அல்ல. அந்த நேரம் வரும்போது தான் எப்படிப்பட்டவளாக இருப்பாள் என்பது தனக்கே தெரியாது என்ற பயம். இருக்கிறேன் என்று அவனுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். அவள் கால்கள் அப்படி எந்த வாக்கும் கொடுக்கவில்லை. இதை யாரிடமும் சொல்ல முடியாது. சொன்னால் அவனை வார்டுக்குத்தான் அனுப்ப வேண்டியிருக்கும்.

அம்மா துண்டுகளை வெறுத்தாள். இப்படியொரு அழுக்கு நிறத்தைத் தேடிப்பிடித்து யார் வாங்குவார்கள் என்று கேட்டாள். மருந்துக்கறை தெரியாமல் இருக்க என்று அக்கா சொன்னாள். உன் ரசனையே இப்படித்தான் என்றாள் அம்மா.

சலூனில் தம்பிக்கு அடுத்த நாற்காலியில் வேலை செய்யும் பெண் ஒருத்தி, அவனுக்கு முடி வெட்டிவிட வருவதாகச் சொல்லியிருந்தாள். அவள் வருவதாகச் சொன்ன அன்று காலை அவன் அம்மாவை அழைத்தான். அறை ஆஸ்பத்திரிபோல இருக்கிறது, அவள் வந்து பார்த்தால் முடி வெட்டாமல் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டுப் போவாள் என்றான். அம்மா எத்தனையோ நாளுக்குப் பிறகு சிரித்தாள். மகன் ஒரு பெண்ணுக்காக வெட்கப்படுகிறான் என்பதே அவளுக்குப் போதும். மருந்துக் குப்பிகளை எடுத்தாள், பஞ்சுப் பொட்டலங்களை எடுத்தாள், விரிப்பை மாற்றினாள், ஜன்னலைத் திறந்துவைத்தாள். அக்கா அதற்குள் வேலைக்குப் போயிருந்தாள்.

மதியம் அவள் திரும்பி வந்தபோது அந்தப் பெண் மாடிப்படியில் எதிரே இறங்கி வந்தாள். கையில் கத்தரிக்கோல் பை.

"பின்பக்கம் ஏணி வச்ச மாதிரி வெட்டிட்டேனாம்," என்றாள். "ஒரே திட்டு. சரிபண்ண மறுபடி வரணும்னு ஆர்டர் வேற."

அக்கா அவளைப் பார்த்துச் சிரித்தாள். அந்தப் பெண்ணும் சிரித்துக்கொண்டே இறங்கினாள். கீழ்ப்படியில் அவள் காலடிச் சத்தம் கொஞ்ச நேரம் நின்று, மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டு, பிறகு தொடர்ந்தது.

அறை பளிச்சென்று இருந்தது. தம்பி கட்டிலில் உட்கார்ந்து கைக்கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். முகத்தில் நிறம் ஏறியிருந்தது. நோய்க்கு முந்தைய அவன் ஒரு மணிநேரம் வந்துபோனதுபோல இருந்தது. அம்மா முடி சிதறிய விரிப்பை உதற பால்கனிக்குப் போயிருந்தாள்.

"எப்படி இருக்கு?" என்று கேட்டான்.

பரவாயில்லை என்று சொல்ல வாயெடுத்தவளின் கண், வழக்கப்படி தலைமாட்டுக்குப் போனது. அங்கே ஒரு பூந்தொட்டி இருந்தது. துண்டுகளைக் காணோம். பெட்டியைக் காணோம்.

அவள் கேட்பதற்குள் அவன் இருமினான். சின்ன இருமல். கண்ணாடியைக் கீழே வைத்தான். கழுத்துக் கட்டின் மேல் ஒரு சிவப்புப் புள்ளி தோன்றி, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அகலமாகி, விளிம்பைத் தாண்டிச் சட்டைக்குள் வழிந்தது. அவன் கை அங்கே போயிற்று. விரல்களைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

"அக்கா," என்றான்.

அவள் ஓடினாள்.

பெட்டியை எடுக்கத்தான் ஓடினாள். அந்தக் கணத்தில் அப்படித்தான் நம்பினாள். அலமாரியைத் திறந்தாள், துணிகளை வாரிப் போட்டாள். குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தாள். சமையலறை மேடையிலிருந்து எதுவோ விழுந்து உருண்டது. குளியலறைக்குள் போனாள். அங்கே வாஷிங் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதன் வட்டக் கண்ணாடிக்குள், சோப்பு நுரைக்கு நடுவே, கருஞ்சிவப்புத் துண்டுகள் சுற்றிக்கொண்டிருந்தன.

சாயம் மற்றத் துணியில் ஏறிவிடும் என்று அம்மா அவற்றைத் தனியாகப் போட்டிருக்கிறாள். அக்கா கதவைப் பிடித்து இழுத்தாள். சுற்று முடியும்வரை அது திறக்காது என்பது அவளுக்குத் தெரியும். ஆனாலும் இழுத்தாள். பொத்தான்களை எல்லாம் அழுத்தினாள். துண்டுகள் மேலே போய் விழுந்தன, மேலே போய் விழுந்தன. அவள் மண்டியிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரம் என்று பிறகு எத்தனை யோசித்தும் அவளால் சொல்ல முடியவில்லை. அங்கே இருக்கும்வரை அந்த அறையில் இருக்க வேண்டியதில்லை என்பது மட்டும் உடம்புக்குத் தெரிந்திருந்தது.

அம்மாவின் குரல்தான் அவளை எழுப்பியது. அது அலறல் அல்ல. குழந்தையைத் தூங்கவைக்கும்போது பேசுவதுபோல, என்ன சொல்கிறாள் என்றே புரியாத, விடாத பேச்சு.

அவள் போனபோது அம்மா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அவன் தலை அவள் மார்பில் சாய்ந்திருந்தது. பால்கனியில் உதறிக்கொண்டிருந்த விரிப்பின் நுனியைச் சுருட்டி அவன் கழுத்தில் வைத்துப் பிடித்திருந்தாள். விரிப்பு வெள்ளை. அதில் தெரிந்ததைப் பார்த்து அக்கா நிலைப்படியைப் பற்றிக்கொண்டாள். அம்மாவின் முகத்தில் கண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. கை மட்டும் அசையவில்லை. தம்பியின் கண்கள் அம்மாவின் தோளுக்கு மேலாகக் கதவைப் பார்த்தபடி இருந்தன.

ரத்தம் நின்றது. யாரும் நிறுத்தவில்லை, தானாக நின்றது.

அக்கா போனில் கூப்பிட்டதும் நர்ஸ் வந்துவிட்டாள். பழைய கட்டைப் பிரித்து, பார்த்து, புதிதாகக் கட்டினாள். இது பெரிய குழாய் அல்ல, அதற்கு முன்னால் வரும் எச்சரிக்கையாக இருக்கலாம் என்றாள். மறுபடி இன்றே வரலாம், சில வாரம் கழித்து வரலாம், வராமலும் போகலாம். அம்மா அதுவரை நின்றுகொண்டிருந்தாள். எல்லாம் முடிந்து கையைக் கழுவப் போனவள் குளியலறைத் தரையில் மயங்கி விழுந்தாள். அக்காவும் நர்ஸும் அவளைத் தூக்கி, தண்ணீர் தெளித்து, அறைக்குக் கொண்டுவந்து உட்காரவைத்தார்கள்.

"அப்ப இதுக்குத்தான் அந்தத் துண்டு," என்றாள் அம்மா.

அவள் குளியலறைப் பக்கம் பார்த்தாள்.

"உங்க ரெண்டு பேருக்கும் தெரியும். இவங்களுக்கும் தெரியும். எனக்குத் தெரியாது. நான் அதை எடுத்துத் துவைக்கப் போட்டேன்."

குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தாங்கியிருக்கலாம். பெட்டி எங்கே என்று நர்ஸ் கேட்டாள். தன் அறை அலமாரியின் மேல்தட்டில், போர்வைகளுக்கு அடியில் என்றாள் அம்மா. வருகிற பெண்ணின் கண்ணில் படாமல் இருக்கட்டும் என்று அங்கே வைத்தாளாம்.

"நான்தாம்மா எடுக்கச் சொன்னேன்," என்றான் தம்பி.

பிறகு நர்ஸ் கேட்டாள், ரத்தம் வந்தபோது யார் கூட இருந்தது என்று. சாதாரணமாகத்தான் கேட்டாள். ஆனால் அந்தக் கேள்வியில் என்ன இருக்கிறது என்பது அம்மாவைத் தவிர எல்லோருக்கும் தெரியும்.

"அக்காதான்," என்றான் தம்பி உடனே. "அப்புறம் அம்மாவும் வந்தா."

அம்மா நிமிர்ந்து அவனைப் பார்த்தாள், பிறகு மகளைப் பார்த்தாள். வாய் திறக்கவில்லை. அக்காவுக்கு ஒரு வழி திறந்து கொடுக்கப்பட்டிருந்தது. அவள் பேசாமல் இருந்தால் போதும். பேசாமல் இருப்பது அவளுக்குப் பழக்கம்தான். ஆனால் அப்படி இருந்துவிட்டால் அடுத்த முறையும் எல்லோரும் அவளை நம்பிக்கொண்டிருப்பார்கள். அவன் மறுபடி அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருப்பான்.

"இல்லை," என்றாள். "நான் போயிட்டேன்."

தெருவில் ஒரு லாரி பின்னால் நகரும் ஒலி வந்து, நின்றது.

"பெட்டியைத் தேடிப் போனேன்னு சொல்லிக்கலாம். ஆனா மெஷின் முன்னாடி உக்காந்திருந்தேன். திரும்பி வர முடியலை. அடுத்த தடவையும் அப்படித்தான் ஆகும்னு பயமா இருக்கு சிஸ்டர்."

நர்ஸ் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டவில்லை, தேற்றவும் இல்லை. அப்புறம் தம்பியின் பக்கம் திரும்பி, நீ சொல்லு என்பதுபோலப் புருவத்தை உயர்த்தினாள்.

அவன் புது விரிப்பின் ஓரத்தைத் திருகிக்கொண்டிருந்தான்.

"பயமா இருந்தது," என்றான். "நீ போனதும் ரொம்ப. அதுக்கு முன்னாடி அவ்வளவு இல்லை."

அக்கா அதை வாங்கிக்கொண்டாள். இதைவிட மென்மையாக அவன் சொல்லியிருக்கலாம். சொல்லாததற்காக அவள் உள்ளுக்குள் எங்கோ அவனுக்கு நன்றி சொன்னாள்.

"அம்மா வந்ததும் சரியாயிடுச்சு. ஆனா அம்மா அழுதா. அதைப் பாத்துக்கிட்டுப் போறது..." அவன் நிறுத்தினான். "அம்மா பிடிச்சுக்கட்டும். ஆனா நான் பாக்கற இடத்துல நீ இருக்கணும். நீ ஒண்ணும் செய்ய வேண்டாம். மருந்து, துண்டு எதுவும் வேண்டாம். மூஞ்சியைக் காட்டிக்கிட்டு நில்லு. அழகா இல்லாட்டியும் பரவாயில்லை."

அம்மா அடித்துவிடுவதுபோலக் கையை ஓங்கி, அவன் முழங்காலில் வைத்தாள்.

நர்ஸ் அம்மாவிடம் நேராகவே கேட்டாள். இது மறுபடி வரும்போது நிற்காமல் போகலாம். நிற்காவிட்டால் அது முடிவு. அதுவரை இந்த வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ள முடியுமா? எங்கே அனுப்பச் சொல்கிறீர்கள் என்றாள் அம்மா. பிறகு, மயக்கம் எல்லாம் முடிந்த பிறகுதானே வந்தது என்றாள், வேலைக்கு மனுப் போட்டவள் தன் தகுதியைச் சொல்வதுபோல.

நர்ஸ் அக்காவைப் பார்த்தாள்.

"இருக்கேன்," என்றாள் அக்கா. போன முறை சொன்னதைவிட மெதுவாக, எவ்வளவு கனம் என்று தெரிந்து ஒன்றைத் தூக்குகிறவளாகச் சொன்னாள்.

பெட்டியை அவன் கட்டிலருகே வைத்துவிட்டு, அடுத்த முறை ஒத்திகைக்கு மூன்று பேரும் இருக்க வேண்டும் என்று சொல்லி நர்ஸ் கிளம்பினாள். வார்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

சாயங்காலம் அக்கா கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அவன் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தான். பிறகு, என்னை முட்டையை அடைகாக்கிறமாதிரி பார்க்க வேண்டாம், போய்ச் சாப்பிடு, அம்மாவும் சாப்பிடவில்லை, கொஞ்ச நேரம் போன் பார்க்கணும் என்றான். போக மனமில்லாமல் எழுந்தாள். கூப்பிட்டால் வந்துவிடும் தூரம்தான். அந்தத் தூரம் எவ்வளவு என்பது இன்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

அம்மா இரண்டு தட்டுகளை எடுத்துவைத்தாள். எதிரெதிரே உட்கார்ந்தார்கள். அம்மா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

"எப்படி வரும்னு சொல்லு," என்றாள். "எல்லாத்தையும் சொல்லு. விடாம."

அக்கா சொல்லத் தொடங்கினாள். குழாய் எங்கே இருக்கிறது, எவ்வளவு சீக்கிரம் ஆகும், எந்தப் பக்கம் திருப்ப வேண்டும், மருந்தை எங்கே விட வேண்டும். நர்ஸ் சொன்ன வார்த்தைகளிலேயே சொன்னாள். அம்மா ஒவ்வொன்றுக்கும் உம் கொட்டினாள். ஒரு இடத்தில் அவள் கண் தானாக மூடி, திறந்தது. அக்கா நிறுத்தியதும், மேலே சொல்லு என்றாள்.

உள்ளே அவன் இருமினான்.

அக்கா பாதிச் சொல்லில் நிறுத்தினாள். அம்மாவின் கை மேசையைத் தாண்டி வந்து மகளின் மணிக்கட்டைப் பிடித்தது. அது அவளை எழுப்பவா, எழாமல் இருத்தவா என்று அக்காவுக்குத் தெரியவில்லை. அவள் ஏற்கெனவே எழுந்திருந்தாள். உடம்பு அவன் அறைப் பக்கம் திரும்பியிருந்தது.

போனில் யாரோ சிரிக்கும் சத்தம் கேட்டது. அதோடு அவனும் சிரித்தான்.

அவர்கள் இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே கேட்டுக்கொண்டிருந்தார்கள்.